எடை குறைந்தது... கால் ஏன் மரத்துப்போகிறது? பேரியாட்ரிக் சிகிச்சைக்குப் பிறகு அலட்சியம் கூடாத அறிகுறி

காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததே தெரியவில்லை. படி இறங்கும்போது பாதம் தரையில் பட்டதா, இல்லையா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. இரவில் போர்வை பட்டாலே உள்ளங்கால் எரிகிறது. எறும்பு ஊர்வதுபோல ஒரு குறுகுறுப்பு விரல்களில் தொடங்கி, கணுக்காலைத் தாண்டி மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது.

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் ஒரு பகுதியினர் சொல்லும் புகார்கள் இவை. சிலருக்கு அறுவை சிகிச்சை முடிந்த சில வாரங்களிலேயே வருகின்றன. சிலருக்கு சில மாதங்களில். இன்னும் சிலருக்கோ, எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று மறந்தேபோன ஐந்தாறு வருடங்கள் கழித்து.

வீட்டில் இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "இவ்வளவு சீக்கிரம் இளைச்சா பலவீனம் இருக்கத்தானே செய்யும்? போகப் போகச் சரியாயிடும்." பிரச்னையே இந்த 'போகப் போக'வில்தான் இருக்கிறது. மரத்துப்போவதற்கான காரணங்களில் பல, சீக்கிரம் கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை. தாமதித்தால் அதே காரணங்கள் நிரந்தரப் பாதிப்பை விட்டுச் செல்லலாம்.

வயிற்றில் செய்த சிகிச்சைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

இன்று அதிகம் செய்யப்படும் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைகள் இரண்டு. ஒன்று, 'ஸ்லீவ்' முறை. இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்பட்டு, மீதிப் பகுதி வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்போல ஆக்கப்படுகிறது. இன்னொன்று, 'பைபாஸ்' முறை. இதில் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு முட்டை அளவே உள்ள சிறிய பை மட்டும் உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரடியாக இணைக்கப்படுகிறது. சாப்பிட்ட உணவு, சத்துகள் அதிகம் உறிஞ்சப்படும் முதல் பகுதியைத் தொடாமலேயே கடந்துவிடும்.

இரண்டு முறைகளிலும் உணவின் அளவு குறைகிறது. இரைப்பை அமிலமும் குறைகிறது. எடை இறங்குவதற்கும், சர்க்கரை நோய் கட்டுக்குள் வருவதற்கும் இதெல்லாம் உதவுகிறது. ஆனால், கலோரி குறையும்போது கூடவே வைட்டமின்களும் தாதுக்களும் குறைகின்றன. அந்தப் பற்றாக்குறையை முதலில் உணர்பவற்றில் நரம்பும் ஒன்று. உடலிலேயே மிக நீளமான நரம்பு இழைகள் முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் நுனிவரை செல்பவை. நீளம் அதிகம் என்பதால், பராமரிப்புச் செலவும் அதிகம். சத்து குறைந்தால் நுனியில்தான் முதலில் கோளாறு தெரியும். அதனால்தான் வயிற்றில் செய்த சிகிச்சையின் விளைவு கால் விரலில் தெரிகிறது.

எவ்வளவு பேருக்கு இது வருகிறது? அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 435 பேரில் 71 பேருக்கு, அதாவது 16 சதவிகிதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு இருந்தது. உடல் பருமன் உள்ளவர்களிலேயே பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 126 பேரில் 4 பேருக்குத்தான் அப்படி வந்திருந்தது. பழைய அறுவை முறைகளும் சேர்ந்த கணக்கு அது என்பதால், இன்றைய நிலைக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. ஆனால், யாருக்கெல்லாம் பாதிப்பு அதிகம் வந்தது என்ற பட்டியல் இன்றைக்கும் பொருந்தும்: மிக வேகமாக எடை இறங்கியவர்கள், நீண்ட நாள் வாந்தி, குமட்டல் இருந்தவர்கள், சிகிச்சைக்குப் பிறகு ஊட்டச்சத்து ஆலோசனைக்குப் போகாதவர்கள்.

காலண்டர் சொல்லும் காரணம்

மரத்துப்போதல் எப்போது தொடங்கியது என்பதே, எது குறைந்திருக்கிறது என்பதற்கு முக்கியமான துப்பு. வாரங்கள், மாதங்கள், வருடங்கள் என மூன்று கட்டங்களாகப் பிரித்துப் பார்த்தால் புரிந்துகொள்வது எளிது.

முதல் கட்டம்: வாரங்களில் வருவது

இதுதான் மிக அவசரமானது. காரணம், வைட்டமின் பி1 எனப்படும் தயமின்.

நம் உடல் தயமினைப் பெரிய அளவில் சேமித்து வைப்பதில்லை. மொத்த இருப்பே 25 முதல் 30 மில்லிகிராம்தான். உள்ளே வருவது நின்றுபோனால் இரண்டு, மூன்று வாரங்களில் இருப்பு கரைந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல் சில வாரங்கள் திரவ உணவு, பிறகு கூழ்போன்ற உணவு என்றுதான் போகும். அதோடு தொடர் வாந்தியும் சேர்ந்துவிட்டால், அந்த இருப்பு இன்னும் வேகமாகக் காலியாகும். மாத்திரை விழுங்கினாலும் வாந்தியில் வெளியே வந்துவிடும்.

இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி மரத்துப்போதல், எரிச்சல், பிறகு தொடைவரை பலவீனம், கீழே உட்கார்ந்தால் கையூன்றாமல் எழுந்திருக்க முடியாத நிலை என்று நாளுக்கு நாள் ஏறும். பாதிப்பு மூளைக்கும் போனால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சில் குழப்பம் வரும். 1881-ல் கார்ல் வெர்னிக்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்ததால் இந்த மூளைப் பாதிப்புக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. உடனே கவனிக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

ஒரு பாட்டில் குளுக்கோஸ் போதுமா?

நம் ஊரில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று இங்கே இருக்கிறது. நான்கு நாள்களாக வாந்தி, எழுந்து நடக்கத் தெம்பில்லை என்றால் என்ன செய்வோம்? அறுவை சிகிச்சை செய்த மருத்துவமனை வேறு ஊரில் இருக்கும். பக்கத்துத் தெரு கிளினிக்குக்குப் போய், "ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திவிடுங்க" என்று கேட்போம்.

குளுக்கோஸை உடல் எரித்துச் சக்தியாக்குவதற்குத் தயமின் வேண்டும். தயமின் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கும் ஒருவருக்குக் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் துளித் தயமினும் அதற்கே செலவாகிவிடும். அதுவரை கால் மரத்துப்போனதோடு இருந்த பிரச்னை, மூளைப் பாதிப்பாக மாறலாம்.

குளுக்கோஸே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. குளுக்கோஸுக்கு முன்போ, அதனுடன் சேர்த்தோ தயமின் ஊசி போடப்பட வேண்டும் என்பதே விஷயம். அந்த கிளினிக் மருத்துவருக்கு உங்களுக்கு எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்தது தெரிந்தால்தான் இதை அவர் யோசிக்க முடியும். லேப்ராஸ்கோப்பி முறையில் வயிற்றில் நான்கைந்து சிறிய தழும்புகள்தான் இருக்கும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. 'ஆபரேஷன் பண்ணித்தான் இளைச்சேன்னு தெரிய வேண்டாம்' என்று அக்கம்பக்கத்தில் மறைப்பவர்கள், மருத்துவரிடமும் மறைத்துவிடக் கூடாது.

ரத்தத்தில் தயமின் அளவைப் பார்க்கும் பரிசோதனை எல்லா ஊர்களிலும் கிடைக்காது. கிடைத்தாலும் முடிவு வர நாள்களாகும். ஆகவே, சந்தேகம் வந்தாலே முடிவுக்குக் காத்திருக்காமல் தயமின் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவ உலகின் பொதுவான வழிகாட்டல்.

கோழி சொன்ன பாடம்

தயமின் குறைபாட்டால் கால் செயலிழக்கும் நோய்க்கு 'பெரிபெரி' என்று பெயர். இது புதிய நோயல்ல. டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மான், இன்றைய ஜகார்த்தாவான படேவியாவில் 19-ம் நூற்றாண்டின் இறுதியில் இதை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கூடக் கோழிகளின் கால்கள் திடீரென்று தள்ளாடத் தொடங்கின. சில மாதங்களில் அவை தானாகவே சரியாகின. விசாரித்ததில், ராணுவ மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோறு கோழிகளுக்குப் போடப்பட்டிருந்தது தெரிந்தது. புதிதாக வந்த சமையல்காரர், அந்தச் சோற்றைக் கோழிக்குத் தர மறுத்துவிட்டார். தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நின்றன. எய்க்மானுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது. தவிட்டில் இருந்த அந்தப் பொருள்தான் தயமின்.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பழைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி அதிகம் காணப்பட்டது, இன்று ஆந்திராவில் உள்ள வடக்குக் கடலோர மாவட்டங்களில். அங்கே தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள். புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ்ப் பகுதிகளில் அந்த நோய் அரிதாக இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வைட்டமின்கள் அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம்.

ஆனால், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்குப் புழுங்கல் அரிசிக் கஞ்சியே போதும் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு நாளில் அவர்கள் குடிக்க முடிவது சில கிண்ணங்கள்தான். வடிகட்டிய கஞ்சித் தண்ணீர், இளநீர், பழச்சாறு மட்டுமே போனால் மாவுச்சத்து போகும், தயமின் போகாது. அமெரிக்காவின் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை நிபுணர்கள் சங்கம் 2016-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், தினமும் குறைந்தது 12 மில்லிகிராம் தயமினை மாத்திரையாக எடுக்கச் சொல்கிறது. ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 50 முதல் 100 மில்லிகிராம். சாதாரண மனிதருக்குத் தேவை ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றேகால் மில்லிகிராம்தான் என்பதை ஒப்பிட்டால், மாத்திரையின் முக்கியத்துவம் புரியும்.

இரண்டாம் கட்டம்: மாதங்களில் வருவது

எடை வேகமாக இறங்கும் முதல் ஆறேழு மாதங்களில் வரும் மரத்துப்போதலுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். நரம்பு நசுங்குவது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கத்தில் ஓர் எலும்பு முண்டு கைக்குத் தட்டுப்படும். அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் போகிறது. அங்கே இருக்கும் கொழுப்புதான் அதற்கு மெத்தை. கொழுப்பு கரைந்ததும் மெத்தை போய்விடுகிறது. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால், நெடுநேரம் சம்மணமிட்டாலோ குத்துக்காலிட்டாலோ நரம்பு எலும்போடு அழுந்துகிறது. உடல் பருமன் இருந்தபோது முடியாமலிருந்த சம்மணமும் கால்மேல் கால் போடுவதும் இப்போதுதான் முடிகிறது என்பதால், ஆசையாக உட்காருபவர்களும் உண்டு.

இதன் அடையாளம், பெரும்பாலும் ஒரு காலில் மட்டும் வரும். முழங்காலுக்குக் கீழ் வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்பகுதியும் மரத்துப்போகும். பாதத்தை மேலே தூக்க முடியாமல் நடக்கும்போது விரல்கள் தரையில் தேயும். செருப்பு கழன்றுபோவது இதனால்தான். குதிகாலை ஊன்றி, விரல்களை உயர்த்தி நான்கு அடி நடந்து பார்த்தால் தெரிந்துவிடும். எந்தக் காலில் முடியவில்லையோ, அதில் பிரச்னை.

தொடையின் வெளிப்பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போனால் அது வேறொரு நரம்பு. இடுப்பெலும்புக்கு அருகே அழுந்துவதால் வருவது. இதில் பலவீனம் இருக்காது. இறுக்கமான பெல்ட், பாவாடை நாடா, வயிற்றுக்கட்டு ஆகியவற்றைத் தளர்த்தினாலே பலருக்குக் குறையும்.

நரம்பு நசுங்கியிருப்பதை, நரம்புக் கடத்தல் பரிசோதனை மூலம் உறுதிசெய்யலாம். காரணமான உட்காரும் முறையை மாற்றுவது, பாதத்தைத் தாங்கும் பட்டை அணிவது, பிசியோதெரபி ஆகியவற்றில் பெரும்பாலானோருக்குச் சரியாகும்.

மூன்றாம் கட்டம்: வருடங்கள் கழித்து வருவது

பி1 சேமிப்பு வாரங்களில் தீரும் என்றால், பி12 சேமிப்பு வருடங்களுக்கு வரும். கல்லீரலில் உள்ள இருப்பு பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தாங்கும். அதனால்தான், "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று இரண்டாம் வருடத்தில் மாத்திரையை நிறுத்தியவர், ஐந்தாம் வருடத்தில் மாட்டிக்கொள்கிறார்.

பி12 உறிஞ்சப்படுவதற்கு இரைப்பை சுரக்கும் அமிலமும், ஒரு துணைப் புரதமும் தேவை. ஸ்லீவ், பைபாஸ் இரண்டிலும் இவை குறைகின்றன. சைவ உணவுக்காரர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள், அசிடிட்டி மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

இதன் அடையாளம், இருட்டில் நடை தடுமாறுவது. கால் எங்கே இருக்கிறது என்ற தகவல் மூளைக்குப் போகாததால், கண்ணின் உதவியோடுதான் நடப்பார்கள். முகம் கழுவ கண்ணை மூடிக்கொண்டு குனிந்தால் உடல் சாயும். இதோடு ரத்தசோகை, மறதி, நாக்கில் எரிச்சல் வரலாம். ரத்தசோகைக்கு ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் எடுத்தால் ஹீமோகுளோபின் சரியாகிவிடும். உள்ளே நரம்புப் பாதிப்பு மட்டும் சத்தமில்லாமல் தொடரும்.

பி12 சரியாக இருந்தும் இதே அறிகுறிகள் இருந்தால் பார்க்க வேண்டியது, தாமிரம். தாமிரக் குறைபாடு அப்படியே பி12 குறைபாடுபோலவே தோன்றும். இதற்கு நாமே காரணமாகலாம். எடைக் குறைப்பு சிகிச்சைக்குப் பிறகு முடி கொட்டுவது சகஜம். அதற்காகக் கடையில் துத்தநாக மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுபவர்கள் உண்டு. துத்தநாகம் அதிகமானால், குடலில் தாமிரம் உறிஞ்சப்படுவதைத் தடுத்துவிடும். ஒரு மில்லிகிராம் தாமிரத்துக்கு 8 முதல் 15 மில்லிகிராம் துத்தநாகம் என்ற விகிதம் காக்கப்பட வேண்டும் என்கிறது மேலே சொன்ன வழிகாட்டுதல்.

அதேபோல, 'நரம்பு மாத்திரை' என்று நாமாகவே வாங்கி வருடக்கணக்கில் சாப்பிடுவதும் சரியல்ல. அவற்றில் இருக்கும் பி6 வைட்டமின் அளவுக்கு மீறினால், அதுவே கால் மரத்துப்போகக் காரணமாகும்.

எப்போது ஓட வேண்டும்?

அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குக் கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

* தொடர் வாந்தியோடு கால் மரத்துப்போதல் அல்லது பலவீனம்
* பார்வை இரண்டாகத் தெரிவது, தள்ளாட்டம், குழப்பமான பேச்சு
* மரத்துப்போதல் நாளுக்கு நாள் மேலே ஏறுவது
* ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். கூடவே மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108
* ஒரு பக்கக் கை கால் திடீரென்று மரத்து, வாய் கோணுவது; பக்கவாதத்தின் அறிகுறி என்பதால் இதற்கும் உடனே 108
* கால் மரத்துப்போவதோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பது

திரும்ப வருமா உணர்வு?

வரும். எவ்வளவு வரும் என்பது எவ்வளவு சீக்கிரம் போனோம் என்பதைப் பொறுத்தது. தயமின் ஊசிக்குப் பிறகு கண் அசைவுகள் சில மணி நேரங்களில் இருந்து சில நாள்களுக்குள் சீராகத் தொடங்கலாம். கால் நரம்புக்குப் பொறுமை வேண்டும். சேதமான நரம்பு இழை ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலிலிருந்து பாதம்வரை என்றால் ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகலாம். தாமிரக் குறைபாட்டில், ரத்த அணுக்கள் சீக்கிரம் சரியாகிவிடும். நடையோ பலருக்கு ஓரளவுதான் திரும்பும்.

அதுவரை மரத்த காலைக் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். சூடு தெரியாமல் தோல் வெந்துவிடும். வெயில் நேரத்தில் கோயில் பிராகாரத்தில் வெறுங்காலோடு நடப்பதைத் தவிர்க்கலாம். பின்பட்டை உள்ள செருப்பு நல்லது. தினமும் இரவு உள்ளங்காலை வீட்டில் ஒருவர் பார்த்துவிட வேண்டும்.

குடும்பம் செய்யக்கூடியவை

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பலருக்கு மறுவாழ்வு தந்திருக்கிறது. கால் மரத்துப்போகும் என்று பயந்து, தேவைப்படுபவர்கள் அதைத் தவிர்க்க வேண்டியதில்லை. ஆனால், அறுவை சிகிச்சைக்குச் செலவாகும் நேரம் சில மணிதான். அதற்குப் பிறகான வைட்டமின் மாத்திரைகளோ ஆயுள் முழுவதும் தொடர வேண்டியவை. இதைச் சிகிச்சைக்கு முன்பே குடும்பமாக உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. மாதாமாதம் மாத்திரைச் செலவு, பரிசோதனைச் செலவு இரண்டையும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

முதல் வருடத்தில் மருத்துவர் சொல்லும் இடைவெளிகளில், அதன் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை அவசியம். அதில் பி12, ஃபோலேட், இரும்பு, வைட்டமின் டி இருக்கின்றனவா என்று பாருங்கள். மரத்துப்போதல் இருந்தால் தாமிரம், பி1 பற்றியும் கேளுங்கள். பி12-ஐப் பொறுத்தவரை தினமும் 350 முதல் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை அல்லது மாதம் ஒருமுறை 1,000 மைக்ரோகிராம் ஊசி என்பது வழக்கமான அளவு. உங்களுக்கு எது என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்றும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் போட்டோ எடுத்து, சிகிச்சை செய்துகொண்டவரின் போனிலும், வீட்டில் இன்னொருவரின் போனிலும் வைத்துவிடுங்கள். நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம் இது: "இவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கு. இத்தனை நாளா வாந்தி, கால் மரத்துப்போயிருக்கு. குளுக்கோஸ் ஏத்துறதுக்கு முன்னாடி தயமின் போடணுமான்னு பாருங்க, டாக்டர்."